மோதிரம் போட்ட பால்சுறா

சுறாமீனைப் பிடித்து மல்லாக்கப் புரட்டினால் அது தூங்கிப்போகும். இதை நான் சொன்னால் பாம்பன் கரையில் ஒருவரும் நம்புவதில்லை. ஆமையின் முதுகில் உட்கார்ந்து குந்துகால் வரைக்கும் போய்வந்தேன் என்று ஒருமுறை சொன்னேன். அதை எல்லாரும் நம்பினார்கள். திரும்பும்போது எதிர்க்காற்றாக இருந்திருக்குமே, ஆமை எப்படிச் சமாளித்தது என்று அக்கறையாக விசாரித்தார்கள். சுறா தூங்குவதை மட்டும் நம்பவில்லை.

அந்தச் சுறாவைத் தூங்கவைத்தவர் ராமசுப்பிரமணியன் சார். அபிராமத்துக்காரர், நிலபுலன் உள்ள குடும்பம். மதராஸில் டாக்டருக்குப் படித்தவர், ஆனால் காய்ச்சல் என்று போய் நின்றால் வேறு டாக்டரைப் பார் என்பார். அவருக்கு வேண்டியதெல்லாம் முழங்கால். தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பாம்பனில் இறங்கி, கடலை ஒட்டி ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, குப்பிகளையும் கத்திகளையும் ஒரு மைக்ராஸ்கோப்பையும் அதில் இறக்கினார். மீன் பிடித்துக் கொடுக்க, கொட்டகையைப் பார்த்துக்கொள்ள, கூட இருந்து பேச என்று என்னை வைத்துக்கொண்டார். மூன்றாவது வேலையில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

வந்த புதிதில் காதில் மாட்டுகிற குழாயை எடுத்துக்கொண்டு கரையில் உள்ளவர்களின் முழங்காலில் வைத்துக் கேட்டுக்கொண்டே போவார். யாகப்பம்மாளின் முழங்காலில் வைத்தபோது அந்த அம்மாள், "நெஞ்சு இன்னும் மேல இருக்கு தம்பி," என்று சொன்னது ஒரு மாதத்துக்குக் கரை முழுக்கப் பேச்சாக இருந்தது.

யாகப்பம்மாள் கில்பர்ட்டுக்கு அக்காள். புருஷன் கடலோடு போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கி, வள்ளம் ஒன்று வாங்கிக் கொடுத்து, லீமாரோஸைக் கட்டிவைத்தவள். மீன்கூடையைத் தலையில் ஏற்றிக் காலமெல்லாம் மணலில் நடந்ததில் அவள் முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். உள்ளே உப்பளத்தில் வண்டி போகிற மாதிரி சத்தம் கேட்கிறது என்று சார் என்னிடம் தனியாகச் சொன்னார். அபிராமத்தில் இருக்கும் அவருடைய அம்மா சேதுலட்சுமிக்கும் ஒரு காலத்தில் இதே சத்தம்தானாம். இப்போது அந்தச் சத்தம் இல்லை. அவர்கள் கட்டிலை விட்டு எழுந்தால்தானே சத்தம் வரும்.

மூட்டுக்குள் எலும்போடு எலும்பு உரசாமல் நடுவில் குருத்தெலும்பு இருக்கிறதாம். அதில் இரத்த ஓட்டம் கிடையாதாம். அதனால் தோல் கிழிந்தால் ஆறுகிற மாதிரி அது ஆறுவதில்லை, தேய்ந்தால் தேய்ந்ததுதான். சுறாவுக்கோ தலை முதல் வால் வரை குருத்தெலும்பு, கெட்டி எலும்பு ஒன்றுகூட இல்லை. அந்த உடம்பில் காயம் பட்டால் குருத்தெலும்பு கூடுகிறதா, கூடினால் எது அதைக் கூட்டுகிறது, இதுதான் சாருக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் மனுஷ முழங்காலுக்கும் என்றைக்காவது ஒரு வழி பிறக்கும் என்பார்.

கொட்டகைக்கு எதிரே கடலில் கல்லடுக்கி ஓர் அடைப்பு கட்டினோம். அதில் பால்சுறாக்களை விட்டு, ஒவ்வொன்றாக மல்லாக்கப் போட்டுத் தூங்கவைத்து, முதுகுத் துடுப்புக்கு அடியில் உள்ள குருத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்துத் தோலைத் தைத்து விடுவார். ஒன்று தானாகச் செத்தது. இன்னொன்றை மற்றொன்று தின்றது. தின்றதும் செத்தது. கடைசியில் ஒரே ஒன்று மிஞ்சியது. அதன் துடுப்பில் அடையாளத்துக்குச் செம்புக் கம்பியால் ஒரு வளையம் மாட்டியிருந்தார். மார்கழிப் பனியில் வெட்டு வைத்தது, சித்திரை வெயில் வந்துவிட்டது. இந்த வேலைக்குப் பணம் அனுப்புகிற மதராஸ் பெரியவர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். இந்த மாதத்துக்குள் காட்ட ஒன்றும் இல்லையென்றால் கொட்டகையை மூடிவிட்டு வரவேண்டியது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் மீனை எடுத்துப் பார்ப்பதென்று சார் முடிவு செய்தார்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அடைப்பு சரிந்து கிடந்தது. அதன்மேல் ஓர் ஆமை உட்கார்ந்திருந்தது. ஆமை என்றால் மாட்டுவண்டிச் சக்கரம் அகலம். எங்களைப் பார்த்துவிட்டு அது நிதானமாக இறங்கிப் போயிற்று. மீனைக் காணோம்.

சார் இடுப்பளவு தண்ணீரில் நின்று கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கையைவிட்டுத் துழாவினார். நானும் துழாவினேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் ஏற்கெனவே துழாவிய இடத்தையே மறுபடி துழாவினேன். அப்போதுதான் கில்பர்ட்டின் வள்ளம் கரையேறும் பக்கத்தில் ஜனங்கள் கூடுவது தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வலையில் மோதிரம் போட்ட சுறா ஒன்று வந்திருக்கிறது என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். மீனைக் காணவில்லை, யாகப்பம்மாள் அதை மடியில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு வளையம் போட்டு விடுவது வழக்கம். அதை விற்கக் கூடாது, கூறு போடக் கூடாது. மோதிரத்தோடு மீன் வந்தால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? அதுவும் பால்சுறா. அதுவும் அந்த வீட்டுக்கு. லீமாரோஸுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, பால் இறங்கவில்லை. ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துக் கொடுத்தால் பிள்ளை கக்கிவிடுகிறது. முந்தின பிள்ளையை அவள் இப்படித்தான் பறிகொடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா அவித்துக் கொடுத்தால் பால் ஊறும் என்பது கடலோரத்தில் பேசாமலே எல்லாருக்கும் தெரிந்தது. நாலைந்து நாளாக ஒரு வலையிலும் பால்சுறா விழவில்லை. இன்றைக்கு விழுந்தது, மோதிரத்தோடு விழுந்தது. அந்தோணியார் அனுப்பினார் என்று யாகப்பம்மாள் சொன்னாள். மறுத்துப் பேச ஆள் இல்லை.

நான் கில்பர்ட்டைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். மோதிரம் நம்ம சார் போட்டது. மீனைத் தூங்கவைத்து முதுகில் வெட்டித் தைத்தார். ஆமை ஏறி அடைப்பு சரிந்தது. அதனால்தான் உன் வலைக்கு வந்தது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கில்பர்ட் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"தூங்குற சுறாவுக்குத் தாலாட்டு யாரு பாடினது, நீங்களா அண்ணே," என்றான்.

பக்கத்தில் நின்றவர்களிடமும் சொன்னான். கவலை பிடித்த வீட்டில் அன்றைக்கு முதல் சிரிப்பு என்னால்தான் வந்தது என்று எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

சாரும் நானும் கில்பர்ட்டின் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் மூன்று கல் வைத்து அதன்மேல் அண்டா ஏற்றியிருந்தார்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுறா முழுசாகக் கிடந்தது. வால் ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, துடுப்பில் செம்பு வளையம் வெயிலில் மின்னியது. அடியில் உடைமர விறகும் காய்ந்த ஓலையும் அடுக்கியிருந்தது. நெருப்பு வைக்கவில்லை. நேர்ந்துகொண்டவள் கடற்கரையிலிருந்து கோயில்வரை முழங்காலிலேயே போய், அந்தோணியார் முன்னால் மெழுகுதிரி ஏற்றி, அந்த நெருப்பைக் கொண்டுவந்துதான் அடுப்பு மூட்ட வேண்டும். பால்சுறா கிடைத்தால் அப்படிப் போவதாக யாகப்பம்மாள் நேர்ந்திருந்தாளாம், புறப்பட்டுவிட்டாள் என்றார்கள். அந்த முழங்காலோடு.

சார் தோளில் துணிப்பை இருந்தது. உள்ளே கத்தியும், மூடி போட்ட மருந்துத் தண்ணீர்க் குப்பியும். பைக்குள் அவர் கை போனதைப் பார்த்தேன்.

"கொதிச்சா எவ்வளவு நேரம் தாங்கும் சார்," என்று கேட்டேன்.

"தாங்காது. கோந்தாப் போயிரும். அப்புறம் பாக்க ஒண்ணும் இருக்காது."

அவர் வாயைத் திறந்து யாரிடமோ பேசப் போனார். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். பால் கொடுக்கிறவளுக்கு வைத்த மீனில் யாரும் பங்கு கேட்கக் கூடாது, கேட்டால் பால் நின்றுபோகும் என்பது இங்கே பெரிய கட்டுப்பாடு. அது என் மீன் என்று சொல்வதும் கேட்பதற்குச் சமம்தான் என்று காதோரம் சொன்னேன். இது மூடநம்பிக்கை என்றார் அவர். இருக்கலாம் என்றேன்.

"ஆனா நீங்க கேட்டு, பெறகு பால் இறங்கலேன்னா, கேட்டதாலதான் இறங்கலேன்னு அந்தப் பொண்ணு சாகுறவரைக்கும் நம்பும் சார்."

வாசற்படியில் லீமாரோஸ் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அதன் அழுகை பூனைக்குட்டி கத்துவதுபோல் மெல்லிசாக வந்தது. அழத் தெம்பில்லாத அழுகை. சார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையிலிருந்து கையை வெளியே எடுத்துவிட்டார்.

நேர்ச்சைக்குக் கிடா வெட்டினால் ஒரு தொடையைப் பச்சையாகவே நேர்ந்தவருக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை அடுப்பில் ஏற்றுவார்கள். மீனாக இருந்தால் முதுகுத் துண்டு. அவர் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துக்கொள்ளலாம். அந்த முதுகுத் துண்டில்தான் சார் வைத்த வெட்டு இருந்தது. ஆனால் அது யாகப்பம்மாளின் பங்கு. அவளிடம் கேட்கவும் முடியாது. ஆகாத காரியத்தைச் சொல்லி என்ன பயன் என்று இதைச் சாரிடம் சொல்லாமல் விட்டேன்.

கோயிலுக்குப் போகும் மணல் பாதையில் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவே யாகப்பம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு முழங்காலில் போய்க்கொண்டிருந்தாள். ஒரு காலை முன்னே வைப்பாள், மூச்சைப் பிடிப்பாள், அடுத்ததை இழுப்பாள். உச்சி வெயில் இறங்கியிருந்தது. அவள் நிற்கிற நேரமெல்லாம் அண்டாவில் மீன் பச்சையாக இருக்கும். அவள் போய்ச் சேர்ந்துவிட்டால் மீன் வெந்துவிடும். சாருக்கு அவள் மெதுவாகப் போவது நல்லதுதான். ஆனால் அவள் ஒவ்வொரு முறை முழங்காலை இழுத்தபோதும் தன் காலிலேயே யாரோ மிதித்தது போல அவர் முகம் சுருங்கியது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தானே.

பாதையின் நடுவில் சிப்பி ஓடுகள் நொறுங்கிக் கிடக்கும் திட்டு ஒன்று உண்டு. யாகப்பம்மாள் அதற்கு வந்தாள். முதல் காலை அதன்மேல் வைத்தாள். இரண்டாவதை இழுக்கும்போது காய்ந்த ஓலை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் கையை ஊன்றிக் குனிந்தபடியே நின்றுவிட்டாள். முன்னாலும் போக முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

பெண்கள் தூக்கப் போனார்கள். தொடாதே என்றாள். நேர்ந்தவளால் முடியாமல் போனால் மிச்சத்தை இன்னொருவர் அதே இடத்திலிருந்து போகலாம், அதற்கு இடமுண்டு. கில்பர்ட் போகலாகாது, பிள்ளைக்குத் தகப்பன் அவன். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் நான் போகிறேன் என்று வந்தார்கள். அவர்களை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் வாய் நேர்ந்தது, என் கால்தான் கொடுக்கணும் என்று மணலைப் பார்த்துச் சொன்னாள்.

சார் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கும்போது இல்லை. சிப்பித் திட்டில், அவளுக்குப் பக்கத்தில், வெள்ளைக் கால்சட்டையோடு முட்டி போட்டிருந்தார். நெற்றியில் திருநீறு வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது.

"அம்மா, உங்க முட்டிக்குள்ள இனிமே தேயறதுக்கு ஒண்ணும் இல்ல. எலும்பு எலும்போட உரசுது. இன்னும் கொஞ்சம் போனா நீங்க அப்புறம் நடக்கவே மாட்டீங்க."

"நடக்காட்டி என்ன தம்பி. பிள்ளைக்குப் பால் வரணும்."

"வரட்டும். மிச்சத்த நான் போறேன்."

"உனக்கு எதுக்கு இது. நீ எங்க ஆளா, எங்க வேதமா."

சார் அவள் கைக்குக் கீழே கிடந்த சிப்பி ஓட்டை எடுத்து ஓரமாகப் போட்டார். பிறகு, "எங்கம்மா படுக்கையில விழுந்தப்ப நான் மதராஸ்ல இருந்தேன்," என்றார். "அவங்களுக்கு நான் ஒரு அடிகூட நடக்கல."

யாகப்பம்மாள் அவரையும் அவர் நெற்றியையும் பார்த்தாள். அந்தோணியார் முழங்காலைத்தான் கவனிப்பார், நெற்றியைக் கவனிக்க மாட்டார் என்று நான் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவள் உள்ளங்கையை மணலிலிருந்து எடுத்தாள்.

"போ," என்றாள்.

கில்பர்ட் அக்காளை முதுகில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனான். சார் போக ஆரம்பித்தார். பழக்கமில்லாத ஆள், வண்டி மாடு சேற்றில் சிக்கினது போலக் கோணல்மாணலாகப் போனார். சிப்பி ஓடு கால்சட்டையைக் கிழித்து, கிழிந்த இடம் சிவந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்திலேயே நடந்தேன். பின்னால் கூட்டம் வந்தது. கோயில் படியில் ஏறும்போது இரண்டு கையையும் ஊன்றித்தான் ஏறினார். எந்தப் பக்கம் அந்தோணியார் என்று தெரியாமல் திகைத்தவருக்கு நான் கையைக் காட்டினேன். மெழுகுதிரியை ஏற்றினார்.

இனி நடந்து போகலாம். நெருப்பு அணையாமல் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சித்திரையில் எங்கள் கடற்காற்று சும்மா இருக்காது. வழியில் அணைந்தால் அன்றைக்கு அடுப்பு மூட்டக் கூடாது, மறுநாள்தான். மறுநாள் என்றால் நடுவில் ஒரு முழு இராத்திரி இருக்கிறது. அண்டாவுக்கு நாய் காவல், அந்த நாய்க்கும் என்னைத் தெரியும். இதையெல்லாம் சாரிடம் விளக்கமாக எடுத்துச் சொன்னேன். ஒன்றும் செய்ய வேண்டாம், மறைத்திருக்கிற கையைக் கொஞ்சம் எடுத்தால் போதும்.

"காத்து நல்லா வீசுது சார்," என்றேன்.

"பேசாம வாங்க வேதமுத்து."

இன்னொரு கையையும் சேர்த்துக் குவித்துக்கொண்டார். மெழுகு உருகி விரலில் ஒழுகியது. தன்னுடைய மீனை வேகவைக்கிற நெருப்பைப் பச்சைப் பிள்ளையை ஏந்துவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் நடந்தார். நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், இப்படி ஒரு ஆளை அதில் வைத்ததில்லை. வைத்தால் கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

முற்றத்தில் யாகப்பம்மாளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். வாசற்படியில் லீமாரோஸ். பிள்ளை இப்போது அழவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. சார் ஒருவரையும் பார்க்காமல் நேரே அடுப்புக்குப் போய்க் குனிந்தார். அண்டாவின் விளிம்புக்கு மேலே துடுப்பும் வளையமும் தெரிந்தன. அவர் முகத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கண்ணை மூடிக்கொண்டு நெருப்பை ஓலைப் பக்கம் கொண்டுபோனார்.

"பொறு தம்பி," என்றாள் யாகப்பம்மாள்.

கில்பர்ட் சுறாவைத் தூக்கிப் பலகையில் போட்டான். துடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றி அந்தோணியாருக்கென்று தனியே வைத்தான். பிறகு கத்தியை எடுத்து முதுகுத் துண்டைத் துடுப்போடு சேர்த்து நறுக்கி எடுத்தான். இது உங்க பங்கு என்று சாரிடம் சொன்னான். சாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெழுகுதிரியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நேர்ச்சையை முடித்தவருக்கு முதுகுத் துண்டு என்று காதில் சொன்னேன். விளங்கியது. மெழுகுதிரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பிறகுதான் யாகப்பம்மாளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது.

"பாவம், இவருக்கு வீடு ஏது அடுப்பு ஏது. பச்சை மீனை வச்சுக்கிட்டு என்ன செய்வாரு. ஏலே கில்பர்ட்டு, அதையும் ஒரு துணியில முடிஞ்சு அண்டாவுலயே போடு. வெந்ததும் குடுத்துருவோம்."

நியாயம்தானே. அவள் பங்கு என்றால் அவள் வீட்டில் வேகும். இவர் வேட்டியை நான் துவைக்கிறேன், சோறு ஓட்டலில் சாப்பிடுகிறார், அதிலும் மீன் தொடாத ஆள். வெளியூர்க்காரர் ஒருவர் அக்காளுக்காக முழங்கால் கிழியப் போயிருக்கிறார், அவருக்குப் பச்சைத் துண்டைக் கையில் கொடுத்து அனுப்புகிற குடும்பம் இல்லை அது. யாரோ துணி கொண்டுவந்தார்கள். கில்பர்ட் துண்டைத் துணியில் வைத்து முடிச்சுப் போட்டு அண்டாவுக்கு மேலே நீட்டினான். சார் பேசவில்லை. பேசினால் அது கேட்டதாகிவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, சார் வீட்டுலயும் பச்சைப் பிள்ளை இருக்கு," என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். கில்பர்ட்டின் கை நின்றது. நான் மூச்சு விடாமல் சொன்னேன். அபிராமத்தில் சாரின் சம்சாரத்துக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, அந்த அம்மாவுக்கும் பால் இல்லை, கேட்டால் லீமாரோஸுக்குப் பால் நின்றுபோகும் என்று சார் காலையிலிருந்து வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்றேன். சிரிப்பு எழும் என்று காத்திருந்தேன். எழவில்லை. காலையில் உண்மைக்குச் சிரித்த அத்தனை பேரும் இதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

யாகப்பம்மாள் மட்டும் என்னை நம்பும் வழக்கம் இல்லாதவள். அவள் சாரைப் பார்த்தாள்.

"நெசமா தம்பி."

அவருக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. பொய் சொல்கிற வழக்கமும் இல்லை. மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது நாலு என்றால் நாலு என்று எழுதுகிறவர், ஐந்து என்று எழுதினால் வேலை நிலைக்கும் என்றாலும் நாலுதான். முடிச்சிலிருந்து ஒரு சொட்டு அண்டாவில் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

"ஆமாம்மா," என்றார்.

"என்ன பிள்ளை."

"பொண்ணு."

"பேரு வச்சாச்சா."

அவர் மெழுகுதிரியைப் பார்த்தார். "சேதுலட்சுமி," என்றார்.

வாசற்படியிலிருந்து லீமாரோஸின் குரல் வந்தது. காலையிலிருந்து அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பச்சையாவே குடுத்தனுப்புங்க மதினி. அந்தப் பிள்ளையும் குடிக்கட்டும்."

கில்பர்ட் முடிச்சை அவிழ்த்தான். நான் பையிலிருந்து குப்பியை எடுத்து மூடியைத் திறந்து நீட்ட, சார் துண்டை உள்ளே போட்டார். மருந்து வாடை முற்றத்தையே தூக்கியது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பிள்ளை பெற்றவள் இதை எப்படி வாயில் வைப்பாள் என்று யாகப்பம்மாள் கவலைப்பட்டாள். அபிராமத்தில் நல்ல தண்ணீர் உண்டு, கழுவிக்கொள்வார்கள் என்றேன். பிறகு சார் தன் கையாலேயே ஓலையில் நெருப்பை வைத்தார்.

அன்று பொழுது சாயும் முன்னால் லீமாரோஸுக்குப் பால் இறங்கியது. சுறாவினாலா, நேர்ச்சையினாலா என்று சாரிடம் கேட்டேன். ஒரே ஒரு தடவை பார்த்ததை வைத்துக்கொண்டு எதையும் சொல்லக் கூடாது என்றார். முதுகுத் துண்டு நேர்ச்சையை முடித்தவருக்கு என்பதை முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று அவரும் என்னைக் கேட்டார்.

"சொல்லியிருந்தா மீனுக்காகப் போன மாதிரி ஆயிருக்கும் சார்," என்றேன். அவர் முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

துண்டைப் பல நாள் பக்குவம் செய்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ஒரு காலை முழுக்கக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கும் காட்டினார், ஊதா நிறத்தில் கருவாட்டுச் சந்தை மாதிரி என்னவோ தெரிந்தது. வெட்டின இரண்டு ஓரத்திலும் புதிதாகக் குருத்து முளைத்து வந்திருக்கிறது, நடுவில் மட்டும் இன்னும் சேரவில்லை என்றார்.

"பாதி ஆறியிருக்கு வேதமுத்து."

பாதிதானா என்றேன். நம்ம முழங்காலில் அந்தப் பாதியும் இல்லையே என்றார். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மதராஸில் பேசி, கொட்டகையை மூடாமல் பார்த்துக்கொண்டார். அடைப்பைச் சிமெண்டு வைத்துக் கட்டினோம். ஆமை வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

யாகப்பம்மாளின் முழங்காலுக்கு அவரிடம் மருந்து இல்லை. ஆசாரியிடம் சொல்லி உயரமான முக்காலி ஒன்று செய்து கோயிலில் போட்டார். இனி முட்டி போடக் கூடாது, இதில்தான் உட்கார வேண்டும் என்றார். பூசை நேரத்தில் எல்லாரும் முட்டி போட, அவள் ஒருத்தி மட்டும் அதிகாரி மாதிரி உயரத்தில் உட்கார்ந்திருப்பாள். அடுத்த வருஷம் ஒருநாள் அங்கிருந்தே சாரைக் கூப்பிட்டாள். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"உம்ம மக நடக்குறாளா தம்பி," என்று கேட்டாள்.

சார் அதற்கு முந்தின நாள்தான் அபிராமத்திலிருந்து வந்திருந்தார்.

"சேதுலட்சுமி இன்னும் நடக்கலம்மா," என்றார். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் கண் கலங்கியதைப் பார்த்து அவளும் கலங்கிப் போனாள். மறுநாள் ஒரு போத்தல் சுறா எண்ணெய் கொடுத்தனுப்பினாள், பிள்ளையின் காலில் தேய்க்கச் சொல்லி. சார் அதை வாங்கிக்கொண்டு அபிராமத்துக்குப் போய்த் தேய்த்துவிட்டு வந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அதன்பின் அந்தப் பிள்ளையை வளர்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. சார் இப்போது மதராஸிலிருந்து எப்போதாவதுதான் வருகிறார், கல்யாணம் இன்னும் செய்துகொள்ளவில்லை. கரையில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் சேதுலட்சுமியை விசாரிக்கிறார்கள். தாமதமாக நடந்தாள், ஆனால் இப்போது ஓடுகிறாள் என்று சொல்லியிருக்கிறேன். லீமாரோஸின் மகன் எட்வர்ட் மூன்றாம் வகுப்பில் இருக்கிறான். ஒரே சுறாவில் வளர்ந்த பிள்ளைகள், அதனால் அவளும் மூன்றாம் வகுப்பு. போன வருஷமும் எட்வர்ட் மூன்றாம் வகுப்பில்தான் இருந்தான், தேறவில்லை. லீமாரோஸ் அழுதுகொண்டு வந்து, அபிராமத்துப் பிள்ளையாவது தேறிச்சா மாமா என்றாள். கணக்கில் போய்விட்டது என்றேன். அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறியது.